ஆண்ட கதை போதும், உழுத கணக்கைத் தேடுவோம்

ஒரகடத்தில் வேலை கிடைத்து வாடகைக்கு அறை தேடும் எவரும் இரண்டு கேள்விகளைக் கடந்தாக வேண்டும். "சொந்த ஊர் எது?" என்பது முதலாவது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று அடுத்தது வரும். கோயில் பக்கமா, ஏரிக்கு அந்தப் பக்கமா என்பதை வைத்தே நம் சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கைப் பொறுத்து அறை காலியாக இருக்கும், அல்லது "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்று ஆகிவிடும். கல்யாணத் தரகர் "பூர்வீகம் எது?" என்று கேட்பதும் இதே விசாரணைதான்.

பூர்வீகத்தை விசாரிப்பது சாதியின் பழைய ஆயுதம். அப்படியிருக்க, சாதி ஒழிப்பு பேசுகிற நாமே "உங்கள் தாத்தா பாட்டியின் வரலாற்றைத் தேடுங்கள், எழுதுங்கள்" என்று இளைஞர்களிடம் சொல்வது முரணாகத் தோன்றலாம். வீட்டு உரிமையாளருக்குப் பதில் சொல்ல மறுப்பது நம் உரிமை. அதே கேள்வியை நம் வீட்டுக்குள், வேறு நோக்கத்தோடு கேட்பது நம் கடமை. நம் முன்னோர்கள் எந்தச் சாதி என்பதை ஊரே நமக்குச் சொல்லிவிட்டது. அவர்கள் என்ன வேலை செய்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், அவர்கள் உழைத்த நிலம் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. அதைத்தான் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்று குடும்ப வரலாறு என்ற பெயரில் விற்பனையாவது வேறு சரக்கு. சாதிச் சங்கக் காலண்டரிலும் திருவிழா ஃபிளெக்ஸிலும் பைக் நம்பர் பிளேட்டிலும் 'ஆண்ட பரம்பரை' என்ற வாசகம் ஓடுகிறது. ராஜராஜ சோழனுக்கு எத்தனை சாதிகள் பேரப் பிள்ளைகளாக உரிமை கோருகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே இதன் யோக்கியதை புரிந்துவிடும். எல்லோரும் ஆண்டிருந்தால் ஏரி வெட்டியது யார்? நாற்று நட்டது யார்? செத்த மாட்டை இழுத்துப் போட்டது யார்? ஒடுக்கப்பட்ட மக்களிலும் ஒரு பகுதியினர் இந்தப் பொறியில் விழுகிறார்கள். "நாங்களும் ஒரு காலத்தில் ஆண்டவர்கள்தான்" என்று அவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் வலி நமக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டவனுக்கு மட்டுமே மரியாதை என்ற எதிரியின் அளவுகோலை அது அப்படியே ஏற்றுக்கொள்கிறது. உழுதவளின் பேத்தி என்று சொல்லித் தலை நிமிர முடியாத சமூகத்தில் எத்தனை மன்னர்களைக் கண்டுபிடித்தாலும் விடுதலை இல்லை.

ஒரகடம் இருக்கும் மண்ணுக்கு இந்த விஷயத்தில் தனி வரலாறு உண்டு. ஒரகடம், வல்லம், மாம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று இன்று சிப்காட் பெயரோடும் கம்பெனிகளின் பெயரோடும் நாம் அறிந்திருக்கும் ஊர்கள் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1997இல்தான் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. இங்கே கோலோச்சியது மிராசி முறை. ஊர் நிலத்தின் மீது பரம்பரைப் பங்கு வைத்திருந்த மிராசுதாரர்கள், விளைநிலத்தை மட்டும் தங்களுடையது என்று சொல்லவில்லை. தரிசும் தங்களுடையது என்றார்கள். சேரியில் குடிசை போட்டிருந்த மனையும் தங்களுடையது என்றார்கள். எதிர்த்துப் பேசிய படியாளைக் குடிசையோடு அப்புறப்படுத்த முடிந்தது. தரிசு நிலம் வேண்டும் என்று ஒரு தலித் குடும்பம் அரசுக்குத் தர்க்காஸ்து மனு கொடுத்தால், முன்னுரிமை மிராசுதாருக்குப் போனது.

இந்த மண்ணின் உழைப்பாளிகளை 'படியாள்', 'பண்ணையாள்' என்று அழைத்தார்கள். நிலத்தோடு ஆட்களையும் விற்ற, அடகு வைத்த ஓலைகள் தமிழகத்தில் கிடைத்துள்ளன. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமைமுறை' நூலை வாசித்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. 1843இல் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அடிமைத்தனத்துக்கான நீதிமன்ற அங்கீகாரத்தை நீக்கியது. கடன் என்ற பெயரில் அது தொடர்ந்தது. பறையர்கள் மட்டுமின்றி, பிற உழைக்கும் சாதிகளைச் சேர்ந்தவர்களும் இந்த மாவட்டத்தில் படியாட்களாக இருந்தார்கள். இன்று 'ஆண்ட பரம்பரை' பேனருக்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்கும் இளைஞர்களில் பலருடைய கொள்ளுத்தாத்தாவும் அதே மிராசுதாரின் களத்து மேட்டில் படி நெல்லுக்குக் காத்திருந்தவராக இருக்கலாம். நேர்மையான குடும்ப வரலாறு இந்த உண்மையை வெளியே கொண்டுவரும். சாதிச் சங்கங்களுக்கு அதனால்தான் அது ஆகாது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமும் சொந்த மனையும் இல்லாததே இவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அந்த அறிக்கை காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்குவதற்கான வழி திறந்தது. பஞ்சமி நிலம் என்றும், ஆவணங்களில் டி.சி. நிலம் என்றும் குறிப்பிடப்படுவது இதுதான். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினரைத் தவிர வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்கு இதே மாவட்டத்தில் உயிர் கொடுத்திருக்கிறார்கள். காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் கொல்லப்பட்டார்கள். "இது எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்த நிலம்" என்ற ஒற்றை வாக்கியம் குடும்பக் கதையாக வீட்டுக்குள் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. அது ஆவணத்தோடு வெளியே வந்ததும் துப்பாக்கி வந்தது.

எழுத்து என்பது இங்கே யாருக்கு இருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். திதி கொடுக்கும் வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்ல ஆண்டுதோறும் பயிற்சி கிடைக்கிறது. ஹரித்வாரில் பண்டாக்கள் தங்கள் வாடிக்கைக் குடும்பங்களின் வம்சாவளியைப் பேரேடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நிலம் உள்ளவருக்குப் பத்திரம் இருந்தது, கோயிலில் முதல் மரியாதை உள்ளவருக்குக் கல்வெட்டு இருந்தது. நம்மில் பெரும்பாலோருக்குத் தாத்தாவின் அப்பா பெயர் தெரியாது. பாட்டியின் அம்மா பெயர் தெரியவே தெரியாது. தமிழர் பெயரில் முன்னோருக்கு உள்ள இடம் ஒரேயொரு எழுத்து. அந்த இனிஷியலும் பெரும்பாலும் அப்பாவுடையது.

இதில் ஒரு கொடூரமான வேடிக்கை உண்டு. இரண்டு நிலங்களுக்கு இடையே எல்லைத் தகராறு வந்தால், எல்லை எங்கே என்று நடந்து காட்டும்படி வெட்டியானையே அழைத்த வழக்கத்தை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகள் பதிவு செய்திருக்கின்றன. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் மடையையும் அறிந்திருந்தவருக்கு அந்த ஊரில் ஒரு சென்ட் கிடையாது. நிலம் பற்றிய அறிவு அவரிடம், நிலத்தின் காகிதம் வேறொருவரிடம். அவருடைய பெயரை எந்தக் காகிதமும் எழுதிவைக்கவில்லை.

அவர் கப்பல் ஏறியிருந்தால் எழுதியிருப்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, 1911 வரை 1,52,000க்கும் அதிகமானோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை கப்பல் பட்டியல்களில் எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இளைஞர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் தங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். மொரிஷியஸில் 19ஆம் நூற்றாண்டுக் கூலிகளின் புகைப்படங்களே மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கப்பல் ஏறிய அண்ணனின் முகம் பதிவாகியிருக்கிறது. ஊரிலேயே இருந்து ஏர் பிடித்த தம்பி பெயர்கூட இல்லாமல் மறைந்துபோனான். முதலாளி எண்ணிக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்த இடத்தில் மட்டுமே நம் பெயர் எழுதப்பட்டது.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இதே சுவரில் முட்டிக்கொண்டவர்கள். 1850, 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பாலினம், நிறம் ஆகியவை மட்டும் இருக்கும். பெயர் சொல்லி அவர்களைப் பெருமளவில் எண்ணியது 1870 கணக்கெடுப்பில்தான். அதற்கு முன்னால் போக விரும்பும் குடும்பங்கள் என்ன செய்கின்றன தெரியுமா? தங்களை வைத்திருந்த தோட்ட முதலாளியின் உயிலையும் விற்பனைப் பத்திரத்தையும் கணக்குப் புத்தகத்தையும் தேடிப் பிடிக்கின்றன. ஒடுக்கப்பட்டவரின் வரலாறு ஒடுக்கியவரின் பெட்டிக்குள் இருக்கிறது என்பது அவர்கள் கண்டுகொண்ட பாடம். நமக்கும் அது பொருந்தும்.

"சாதியை ஒழிக்க வேண்டும் என்கிறீர்கள், பிறகு எதற்குப் பழையதைக் கிளற வேண்டும்? எல்லோரும் மறந்துவிட்டு முன்னே போகலாமே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். மறதி எல்லோருக்கும் சமமாக இருந்தால் அந்த யோசனையைப் பரிசீலிக்கலாம். ஒரு தரப்பிடம் பட்டா இருக்கிறது, மறு தரப்பிடம் நினைவு மட்டும் இருக்கிறது. இரு தரப்பும் மறந்தால் பட்டா அப்படியே இருக்கும், நினைவு மட்டும் அழியும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாகப் பயன்பட்ட சொல் போகட்டும், வரவேற்போம். அந்த மனை எந்த ஆண்டு, யாருடைய போராட்டத்தால், யார் நிலத்திலிருந்து பெறப்பட்டது என்ற வரலாறும் சொல்லோடு சேர்ந்து போய்விடக் கூடாது.

இந்தப் பகுதியில் மறதியின் விலை என்ன என்று தொழிற்சாலைகள் வந்தபோதே தெரிந்தது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் வந்தது. தொடர்ந்து லாரி ஆலையும் மோட்டார் சைக்கிள் ஆலையும் வந்தன. தொழில் தேவைக்கான நில எடுப்புக்கென்றே 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. இழப்பீடு யாருக்குக் கிடைக்கும்? காகிதத்தில் பெயர் உள்ளவருக்கு. தலைமுறைகளாக அதே வயலில் நாற்று நட்டவருக்கும் அந்தத் தரிசில் ஆடு மேய்த்தவருக்கும் காகிதம் இல்லாததால் இழப்பீடும் இல்லை. அவர்களுடைய பேரப் பிள்ளைகளில் பலர் அதே மண்ணில் நிற்கும் ஆலைகளுக்குள் காண்ட்ராக்ட் சீருடையில் நடக்கிறார்கள். நிலம் கைமாறிய கதை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதால், "கம்பெனி வந்துதான் நமக்குச் சோறு போட்டது" என்பது மட்டுமே வரலாறாக மிஞ்சுகிறது.

ஆகவே, எப்படித் தேடுவது? வீட்டில் உள்ள மிக மூத்த பெண்ணிடமிருந்து தொடங்குங்கள். கையில் இருக்கும் போனில் பேச்சைப் பதிவு செய்தால் போதும். முதல் கூலி எந்த வயதில், எத்தனை படி? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், எந்தக் கிணற்றில் எடுக்க விடவில்லை? நம் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது யார், யார் அனுப்பினார்கள்? ஊர்த் தெருவில் முதலில் செருப்போடு நடந்தது யார், அன்று என்ன நடந்தது? இப்படிக் கேட்டால் மன்னர்கள் வர மாட்டார்கள், மனிதர்கள் வருவார்கள்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. பழைய ரேஷன் கார்டு, கிஸ்து ரசீது, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அடகுச் சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வையுங்கள். பிறகு அலுவலகங்கள். உங்கள் ஊரின் அ-பதிவேட்டில் டி.சி. நிலம் என்ற குறிப்பு எந்தச் சர்வே எண்களுக்கு இருக்கிறது என்று பாருங்கள். 1980களின் யுடிஆர் நில அளவைக்கு முன்னும் பின்னும் யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மிகப் பழைய ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. உள்ளூர் தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும், கிறித்தவம் தழுவிய குடும்பங்களுக்கு மிஷன் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடும் பல நேரங்களில் முதல் எழுத்துச் சான்றாக இருக்கும்.

கிடைப்பதைக் கொண்டு குடும்ப மரம் வரைந்தால், அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டுரையில் காட்டினார். பல தலைமுறைக்கு ஒரே சாதிப் பெயர்களாக நீளும் எந்தக் குடும்ப மரமும் அகமணத்தின் வரைபடம்தான். அதில் வெட்டப்பட்ட கிளைகளைத் தேடுங்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் பேச்சிலிருந்தே நீக்கப்பட்ட அத்தை யார்? "சின்ன வயசுலயே செத்துட்டா" என்று இரண்டு வார்த்தையில் முடிக்கப்படும் பெண் எப்படிச் செத்தாள்? ஆண்கள் வழியாக மட்டும் எழுதினால் பாதிக் குடும்பம் காணாமல் போகும். பாட்டிகளின் பிறந்த ஊரையும் அவர்களின் பாட்டிகளின் பெயரையும் எழுதுங்கள்.

நிலவுடைமைச் சாதிகளில் பிறந்த தோழர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. "நான் சாதி பார்ப்பதில்லை" என்று சொல்வது எளிது. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பத்திரக் கட்டையும் தாத்தாவின் கணக்கு நோட்டையும் திறந்து பார்ப்பது கடினம். அந்த நிலம் எப்படி வந்தது, யார் உழுதார்கள், களத்தில் எத்தனை மரக்கால் அளந்தார்கள், யாரைக் கொல்லையில் நிறுத்திக் கஞ்சி ஊற்றினார்கள் என்று உங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். நாம் கேட்பது அழுகையோ மன்னிப்போ இல்லை, ஆவணம். நீங்கள் திறக்கும் பெட்டியில் வேறொருவரின் தாத்தா பெயர் கிடைக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கேட்டதையெல்லாம் அன்றிரவே ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவமானத்தை மறந்து வாழப் பழகிய ஒரு பாட்டிக்குச் சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு. அடையாளத்தை வெளிக்காட்டாமல் நகரத்தில் வேலை பார்க்கும் சித்தப்பாவின் வாடகை வீடு உங்கள் பதிவால் போய்விடக் கூடாது. யார் பெயர் வெளிவரலாம் என்று உரியவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எழுதி வைப்பது உடனே செய்ய வேண்டிய வேலை. வெளியிடுவது காத்திருக்கலாம்.

இந்த மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், வசையாக வீசப்பட்ட சொல்லையே தலைப்பாக்கி 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1939இல் தன் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று சிறு நூலாக எழுதி வைத்தார். அவர் எழுதியதால் அவரை அறிகிறோம். அவர் காலத்தில் வாழ்ந்த லட்சக்கணக்கானோரை அறியவில்லை. அதே நிலை நமக்கும் வரலாம். 2014 நவம்பரில் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் செல்போன் பூட்டிய இளம்பெண்கள் இன்று தாய்மார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் தெரியுமா? 2024இல் சங்கம் பதிவு செய்யும் உரிமைக்காக 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த சாம்சங் தொழிலாளர்களின் துண்டறிக்கைகளை யார் சேகரித்து வைத்திருக்கிறார்கள்? காண்ட்ராக்டில் சேரும் இளைஞர் வேலை முடிந்ததும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார். முதன்மைக் கம்பெனியின் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. மிராசுதாரின் ஓலையில் இல்லாத பெயர், இன்றைய கம்பெனிப் பதிவேட்டிலும் இல்லை.

சம்பளச் சீட்டையும் வருகை அட்டையையும் போராட்டத் துண்டறிக்கையையும் பாட்டியின் குரல் பதிவோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இந்த வார விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்கள் நாளைக்கும் இருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.